பெற்றோல் ஜீப்பா, ஹைபிரிட் ஜீப்பா?

ஒரு குடும்பம் தன் வாழ்நாளிற் செய்யும் பெருஞ் செலவுகள் மூன்று அல்லது நான்கேயாம். வீடு கட்டுதல், பிள்ளைகளைப் படிப்பித்தல், அவர்களுக்கு மணம் முடித்து வைத்தல் என்ற வரிசையில், அண்மைக் காலத்தில் வாகனம் வாங்குதலும் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் மூன்றுக்கும் பெரியோரைக் கேட்டு, நாள் பார்த்து, கையிருப்பை எண்ணிப் பார்த்து இறங்குகின்ற நாம், நான்காவதற்கு மட்டும் அயல் வீட்டு வாயிலில் என்ன நிற்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். வீட்டுக்குச் செலவிட்ட பணம் வீடாக நிற்கும். படிப்புக்குச் செலவிட்டது பிள்ளையின் தொழிலாக நிற்கும். வாகனத்திற் போட்ட பணமோ ஓட ஓடக் குறைவது. ஆகவே, இதற்கே கூடுதலான கணக்கு வேண்டும்.

நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதியே மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் பழைய வண்டிகள் புதிய வண்டிகளின் விலைக்குக் கைமாறின. "கதவு திறக்கட்டும்" என்று காத்திருந்த குடும்பங்கள் பல. கதவு திறந்ததும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே. விளம்பரங்கள் எஸ்.யு.வி. என்றும் நம்மவர் ஜீப் என்றும் வழங்குகின்ற உயர்ந்த குடும்ப வண்டியிலே, வெறும் பெற்றோலில் ஓடுவதை வாங்குவதா, ஹைபிரிட்டை வாங்குவதா? ஓய்வு பெறுவோரின் பணிக்கொடையும், உழைப்போரின் ஐந்தாண்டுத் தவணையும் இந்தக் கேள்வியின் விடையிலே தங்கியிருக்கின்றன.

விடை காணுமுன் பொருளை அறிதல் வேண்டும். ஹைபிரிட் என்பது பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் ஒருங்கே அமைந்த வண்டி. இக்கருத்து புதியதன்று. 1900ஆம் ஆண்டளவிலேயே வியன்னா நகரில் பேர்டினண்ட் போர்ஷ் என்னும் இளம் பொறியியலாளர் இவ்வகை வண்டியொன்றைச் செய்து காட்டினார். எனினும், பெருந்தொகையாக உற்பத்தியாகி உலகெங்கும் பரவிய முதல் ஹைபிரிட், 1997 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் ஆகும். நமது வீதிகளுக்கு அது புதிய முகமன்று.

இந்த வண்டி எரிபொருளை எவ்வாறு மிச்சம் பிடிக்கிறது? இதனை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஓடுகின்ற வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றல் நாம் காசு கொடுத்து வாங்கிய பெற்றோலிலிருந்து வந்தது. பிறேக்கை மிதிக்கும்போது சாதாரண வண்டியில் அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றிற் கலந்துவிடுகிறது. ஹைபிரிட் வண்டியிலோ, அந்த வேளையில் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பற்றறியிற் சேமிக்கிறது. மறுபடி புறப்படும்போது அதனைத் திருப்பிக் கொடுக்கிறது. மேலும், நெரிசலில் வண்டி நிற்கையில் இயந்திரம் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. முழு ஹைபிரிட் வண்டியிற் குளிரூட்டியும் மின்சாரத்தாலேயே இயங்குவதால், உள்ளே குளிரும் குறைவதில்லை. சுருங்கச் சொன்னால், வேறு வண்டிகள் பிறேக்கிலும் நிற்பதிலும் இழப்பதையே ஹைபிரிட் மீட்கிறது. இழப்பு மிகுதியான வழியில் இலாபமும் மிகுதி. இழப்பே இல்லாத வழியில் மீட்பதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே, "ஹைபிரிட் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்?" என்று கேட்பவரிடம், "ஐயா, நீங்கள் எந்த வழியில் ஓடுகிறீர்கள்?" என்றே நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி, எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய பின்னக் கணக்கொன்று செய்வோம். இங்கு நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் கணக்கிற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்குரிய எண்களை நீங்களே இட்டுக்கொள்ளலாம்.

நகர நெரிசலிற் பெற்றோல் ஜீப் லீற்றருக்கு 9 கிலோமீற்றரும், ஹைபிரிட் 18 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொள்வோம். 18 கிலோமீற்றர் செல்ல முன்னதற்கு இரண்டு லீற்றர், பின்னதற்கு ஒரு லீற்றர். எனவே 18 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் மிச்சம். நகரமும் வெளிவீதியும் கலந்த ஓட்டத்தில் 12உம் 18உம் எனக் கொண்டால், 36 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் மிச்சம். தடையின்றி ஒரே வேகத்திற் செல்லும் நெடுவழியில் 14உம் 17உம் எனக் கொண்டால், ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓடிய பின்னரே ஒரு லீற்றர் மிஞ்சும். வண்டிகள் அவையே, வழிதான் மாறியது. பதினெட்டு, முப்பத்தாறு, எண்பது என்ற இம்மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று வெள்ளவத்தையில் இருக்கிறது. தந்தை கோட்டையில் உத்தியோகம், தாய் ஆசிரியை, பிள்ளைகள் பம்பலப்பிட்டியிற் படிக்கிறார்கள். காலையும் மாலையும் காலி வீதியில் நின்று நின்று ஊர்வதே அவர்கள் பயணம். மற்றக் குடும்பம் கிளிநொச்சியில் இருக்கிறது. வேலைத்தலமும் பாடசாலையும் சைக்கிள் எட்டும் தூரத்தில் உள்ளன. வண்டி வெளிக்கிடுவது பெரும்பாலும் ஏ-9 வீதி வழியாகத் தெற்கே நெடும்பயணம் போகும்போதுதான். இரு குடும்பங்களும் ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா எனக் கொண்டால், வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு ஹைபிரிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 667 லீற்றர், அதாவது இரண்டு இலட்சம் ரூபா மிஞ்சும். கிளிநொச்சிக் குடும்பத்துக்கு 150 லீற்றர். 45,000 ரூபா மாத்திரமே மிஞ்சும். தூரம் ஒன்றே, மிச்சமோ நாலு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இதனோடு கணக்கு முடியவில்லை. ஹைபிரிட் வண்டிக்கு 15 இலட்சம் ரூபா கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது என்று வைப்போம். அப்பணத்தைக் கடனாகப் பெற்றால் வட்டி உண்டு. கையிலிருந்து கொடுத்தால், வங்கியில் இட்டிருந்தால் வரக்கூடிய வட்டி இல்லாமற் போகும். நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் எனக் கொண்டால், ஆண்டுக்கு 180,000 ரூபா. வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு மிஞ்சும் இரண்டு இலட்சம் இந்த வட்டியைத் தீர்த்து, மேலும் இருபதினாயிரம் தருகிறது. கிளிநொச்சிக் குடும்பமோ 45,000 ரூபாவை மிச்சம் பிடிப்பதற்காக 180,000 ரூபாவை இழக்கிறது. கூடுதலாகக் கொடுத்த விலையில் ஒரு பங்கு, விற்கும்போது திரும்பி வரலாம் என்பது உண்மையே. ஆனால் வட்டி திரும்பி வராது.

கலந்த வழியில் ஓடுவோருக்கு இக்கணக்கின் எல்லை எங்கே விழுகிறது? 180,000 ரூபா என்பது 600 லீற்றர். முப்பத்தாறு கிலோமீற்றருக்கு ஒரு லீற்றராக, 21,600 கிலோமீற்றர். அதாவது மாதம் 1,800 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடும் வீட்டில் ஹைபிரிட் தன் வட்டியையே உழைக்காது. விலை வேறுபாடு குறைந்தால் இந்த எல்லையும் கீழிறங்கும். நமது நாட்டில் இறக்குமதித் தீர்வை இயந்திரத்தின் கொள்ளளவையும் வண்டியின் வகையையும் வயதையும் பார்த்து விதிக்கப்படுவதால், சில வேளைகளில் இரு வகைக்கும் விலை அருகருகே வந்து நிற்பதும் உண்டு. அப்பொழுது ஹைபிரிட்டுக்கு எதிராகச் சொல்ல அதிகம் இல்லை. பெயரை நோக்காது, பதிவு செய்து வீதிக்கு வரும்வரை ஆகும் முழு விலையையும் எழுதிக் கேட்டு ஒப்பிடுவதே முறை.

இன்னொன்று. லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற அளவு நம்மை எளிதில் ஏமாற்றக்கூடியது. 12,000 கிலோமீற்றர் ஓட, 12 தரும் வண்டிக்கு 1,000 லீற்றர் வேண்டும். 18 தருவதற்கு 667. 24 தருவதற்கு 500. பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்கு ஏறியபோது மிஞ்சியது 333 லீற்றர். மேலும் அதே ஆறு ஏறியபோது மிஞ்சியது அதிற் பாதி. ஆகவே, மிகப் பெரிய எண்ணைத் துரத்திக்கொண்டு மேலும் மேலும் விலை கொடுப்பதிற் பயன் தேய்ந்துகொண்டே போகும். நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கேட்டுப் பழகினால் இந்த மயக்கம் வராது.

மலைநாட்டில் வாழும் நேயர்கள், "இறக்கத்திற் பற்றறி தானாக நிரம்புமே, எங்களுக்கு இது பெரும் பயனல்லவா?" என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில். ஆட்களுடன் 1,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி அவ்வுயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல், மின்சாரப் பட்டியலில் நாம் காணும் அலகுக் கணக்கில் ஐந்தரை அலகுகள். காற்றும் ரயரும் தம் பங்கை எடுத்துக்கொண்டாலும் மிகுதி சிறிதன்று. ஆனால் செருகி மின்னேற்றாத சாதாரண ஹைபிரிட் வண்டியின் பற்றறி கொள்வதோ ஏறத்தாழ ஓர் அலகு. அதிலும் முழுவதையும் அது பயன்படுத்த விடாது. இறக்கத்தின் தொடக்கத்திலேயே குடம் நிரம்பிவிடும். பின் வரும் மழை நிலத்தில் வீழ்வதுதான். அவ்வாறே, நெடிய ஏற்றத்திற் பற்றறியின் உதவி விரைவில் ஓய, இயந்திரமே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இடைக்கிடை ஏறியும் இறங்கியும் செல்லும் வழிகளில் ஹைபிரிட் நன்கு உழைக்கும். ஒரே மூச்சில் ஏறி ஒரே மூச்சில் இறங்கும் வழியில் அதன் திறமை அளவோடுதான் இருக்கும்.

ஹைபிரிட் என்ற எழுத்து வண்டியின் பின்புறத்திற் பொறிக்கப்பட்டிருந்தால் அது போதாது. எந்த வகை என்று அறிய வேண்டும். சிலவற்றில் மோட்டார் இயந்திரத்துக்குத் தோள் கொடுக்கும் சிறு துணைதான். அவற்றில் மிச்சமும் சிறிதே. சிலவற்றில் இயந்திரமும் மோட்டாரும் தனித்தும் சேர்ந்தும் சில்லுகளைச் சுழற்றும், பிரியஸ் இவ்வகை. நிசானின் ஈ-பவர் போன்றவற்றில் இயந்திரம் மின்சாரம் மட்டும் பிறப்பிக்க, சில்லுகளை மோட்டாரே சுழற்றும். இவ்வகை நகரத்தில் மிக இதமாக ஓடும்; ஆனால் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் செல்லும்போது, ஆற்றலை மின்சாரமாக்கி மறுபடி ஓட்டமாக்குவதிற் சிறிது இழப்பு உண்டு. மிற்சுபிசி அவுட்லாண்டர் வண்டியின் ஒரு வகையைப் போல, வீட்டு மின்சாரத்தைச் செருகி நிரப்பக்கூடியனவும் உள. வீட்டிற் சொந்தமாக வண்டித் தரிப்பிடமும் மின்னிணைப்பும் இல்லாதோர் அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதிற் பொருளில்லை.

டொயோட்டா ரைஸ் என்னும் சிறிய ஜீப், ஒரு லீற்றர்க் கொள்ளளவுள்ள பெற்றோல் இயந்திரத்துடனும் வருகிறது, 1.2 லீற்றர் இயந்திரம் மின்சாரம் பிறப்பிக்க மோட்டாரால் ஓடும் ஹைபிரிட் வடிவிலும் வருகிறது. உருவம் ஒன்று, உள்ளமைப்பு இரண்டு. இத்தகைய இரட்டையரை ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவோருக்கு, நான் இதுவரை சொன்னவை கண்கூடாக விளங்கும்.

இனிப் பற்றறி பற்றிய அச்சம். அது சிலரிடம் அளவுக்கு மிஞ்சியும், சிலரிடம் அளவுக்குக் குறைந்தும் காணப்படுகிறது. ஹைபிரிட் பற்றறி திடீரென ஒருநாள் இறந்துபோகும் பொருளன்று. மனிதருக்கு மூப்பு வருவதுபோல மெல்ல மெல்லத் தளர்வது. அதற்குப் பெரும் பகை வெப்பம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மன்னாரிலும் வாழ்வோர் வண்டியை நிழலில் நிறுத்தப் பழகுதல் வேண்டும். பல வண்டிகளிற் பற்றறியைக் குளிர்விக்கும் காற்று பின் ஆசனத்தருகேயுள்ள துவாரம் வழியாகவே உள்ளே செல்கிறது. அத்துவாரத்தைப் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் சாமான் மூட்டைகளும் அடைத்துவிட்டாலும், அதன் வடிகட்டியில் தூசி படிந்துவிட்டாலும் பற்றறியின் ஆயுள் குறையும். செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளில் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது. பயிற்சி பெற்றவரைத் தவிர வேறெவரும் அவற்றிற் கை வைக்கலாகாது. உங்கள் ஊரிலோ அடுத்த நகரிலோ அத்தகையவர் இருக்கிறாரா என்பதை, வண்டி வாங்கிய பின்னரன்று, வாங்குமுன்னரே விசாரித்தறிய வேண்டும். யானை வாங்கியவன் பாகனைத் தேடி அலைவதுபோல் ஆகிவிடக் கூடாது.

முன் ஓடிய வண்டியை வாங்குவோர் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். பற்றறியின் நிலையைக் கணினிக் கருவியாற் சோதித்து, அறிக்கையை எழுத்திற் பெறுவதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபா வீண் செலவன்று. பற்றறி தளர்ந்த ஹைபிரிட்டின் மலிவு, மாற்றும் செலவைச் சேர்த்துப் பார்க்கும்போது மலிவாக இராது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. எந்த வண்டியையும் வெள்ளம் கெடுக்கும். ஹைபிரிட்டைக் கூடுதலாகக் கெடுக்கும். ஆசனத்தின் அடியையும், விரிப்பின் கீழையும், பட்டிகளின் அடிநுனியையும் பார்த்துச் சேற்றுக்கறை இல்லை என்று தெளிந்த பின்னரே விலை பேசுக.

பெற்றோல் வண்டியின் பெருமை அதன் எளிமையிலே இருக்கிறது. எந்த ஊர்க் கராச்சிலும் அதை அறிந்தவர் உண்டு. உதிரிப்பாகமும் பெரும்பாலும் கிடைக்கும். ஆயினும் நெரிசலில் அதன் பிறேக் கட்டைகள் விரைவில் தேயும். ஹைபிரிட்டில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் அவை நெடுங்காலம் நிற்கும். இரண்டுக்கும் ஒயில் மாற்றமும் காலந் தவறாத பராமரிப்பும் ஒப்ப வேண்டியனவே.

இதுவரை ரூபாவிற் கணக்கிட்டோம். ரூபாவில் அடங்காத கணக்கொன்றும் உண்டு. நமது நாட்டு நிலத்திற் பெற்றோலியம் எடுக்கப்படுவதில்லை. எரிபொருள் முழுவதும் கடல் கடந்தே வருகிறது. 2022 யூன் இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பணம் இருந்தவருக்கும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். அனுமதி முறை வந்தபோது, காருக்கு வாரம் ஒன்றுக்கு 20 லீற்றர் என அளவு வகுக்கப்பட்டது. இருபது லீற்றரில், 12 தரும் வண்டி 240 கிலோமீற்றரும், 18 தரும் வண்டி 360 கிலோமீற்றரும் ஓடும். அந்த 120 கிலோமீற்றர் வேறுபாட்டை எவரும் பணமாக எண்ணவில்லை. ஆசிரியர் பாடசாலைக்கு வந்த நாளாக, நோயாளி வைத்தியசாலையை அடைந்த இரவாக, பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குக் காலத்தோடு போய்ச் சேர்ந்த காலையாகவே எண்ணினார்கள். நோயாளியோ முதியவரோ உள்ள வீடும், பொதுப் போக்குவரத்து எட்டாத இடத்தில் வாழும் வீடும் இந்த நிச்சயத்துக்காகச் சிறிது கூடுதல் விலை கொடுத்தால், அதனைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அது காப்புறுதிக்குக் கொடுக்கும் கட்டணம் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். இலாபம் என்று மயங்கிக் கொடுக்கலாகாது.

இறுதியாக, ஜீப்பே வேண்டுமா என்றும் வீட்டார் கூடி ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று. உயர்ந்த வண்டி, பள்ளங்கள் நிறைந்த கிரவல் வீதிக்கும் மாரிகாலத்து ஒழுங்கைக்கும் உகந்தது. முதியோர் ஏறி இறங்கவும் பெரும்பாலும் வசதி. ஆனால் நிறையும் காற்றுத் தடையும் கூடுவதால் அது கூடுதலாகக் குடிக்கும். ஹைபிரிட் ஜீப்பொன்றை வாங்கி மிச்சம் பிடிக்கும் பெற்றோலைவிட, தேவைக்குத் தக்க சிறிய கார் ஒன்றை வாங்கி மிச்சம் பிடிப்பது கூடுதலாக இருத்தல் கூடும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நேயர்களே, விற்பனை நிலையத்துக்குப் போகுமுன் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத காலம் உங்கள் குடும்பம் எங்கே போகிறது, எத்தனை கிலோமீற்றர், அதில் நெரிசலில் எவ்வளவு, நெடுவழியில் எவ்வளவு என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பைப் பதினெட்டாலும் முப்பத்தாறாலும் எண்பதாலும் வகுத்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பின்னக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைக்கு அதுவே விடையாகும். எந்த வண்டி உங்கள் வீட்டுக்கு ஏற்றது என்பதையும் அந்தக் கொப்பியே சொல்லிவிடும்.